பழைய கைபேசி அழைப்பொலிக் கோப்புகளை இன்றைய ஒலி வடிவத்திற்கு மாற்றுவது எப்படி?

பழையஒலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2001 முதல் 2009 வரை புழங்கிய கைபேசிகளின் அழைப்பொலிகளையெல்லாம் கணினியில் இறக்கிக் குறுந்தகட்டில் பதிந்து வைத்திருந்தோம். தகடு இன்னும் படிக்கும் நிலையில் இருப்பதால் கோப்புகளை வன்தட்டுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கணினியில் உள்ள எந்த இசை இயக்கியும் திறக்க மறுக்கிறது. எம்எம்எஃப், ஏஎம்ஆர், மிடி, ஐஎம்ஒய், க்யூசிபி என்று பின்னொட்டுகள் பலவாக இருக்கின்றன. சில வெறும் உரைக் கோப்புகள். சிலவற்றுக்குப் பின்னொட்டே இல்லை.

இணையத்தில் கிடைக்கும் இலவச மாற்றித் தளங்களில் ஏற்றிப் பார்த்தேன். ஏஎம்ஆர் கோப்புகள் ஒழுங்காக எம்பி3 ஆகின. மிடி கோப்புகளும் ஆகின, ஆனால் அன்று கைபேசியில் ஒலித்ததற்கும் இப்போது கேட்பதற்கும் தொடர்பே இல்லை. எம்எம்எஃப் கோப்புகள் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் ஒரே மென்பொருளால் மாற்ற வழி உண்டா? விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் என்னிடம் உள்ளன.

இருமஎண் எழுதியது:

ஒரே மென்பொருளால் முடியாது, நண்பரே. உங்கள் கோப்புகள் அடிப்படையிலேயே இரண்டு இனத்தைச் சேர்ந்தவை. ஏஎம்ஆரும் க்யூசிபியும் ஒலியைச் சுருக்கி வைத்திருப்பவை. மிடி, ஐமெலடி (உங்கள் ஐஎம்ஒய்), நோக்கியாவின் உரை வடிவமான ஆர்டிடிடிஎல் ஆகியவற்றிலும் பெரும்பாலான எம்எம்எஃப் கோப்புகளிலும் பதிவான ஒலி என்று எதுவும் கிடையாது. எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம், எந்தக் கருவியின் குரலில் வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. முதல் இனத்தை விரித்து வேறு வடிவத்தில் எழுதினால் வேலை முடிந்தது. இரண்டாம் இனத்தை யாராவது வாசித்தாக வேண்டும். அன்று வாசித்தது கைபேசிக்குள் இருந்த ஒலிச்சில்லு. இப்போது வாசித்தது அந்தத் தளத்தின் வழங்கியில் இருந்த ஏதோ ஒரு மென்பொருள். உங்கள் மிடி கோப்புகள் அந்நியமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மாற்றத் தொடங்கும் முன் எது எந்த இனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பின்னொட்டை நம்ப வேண்டாம். கைபேசியிலிருந்து கைபேசிக்கு அனுப்பும்போது பலரும் பின்னொட்டை மாற்றி அனுப்பியது உண்டு. பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் கோப்பைத் திறந்து முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். எம், டி, எச், டி என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது மிடி. மூன்று எம், ஒரு டி என்று தொடங்கினால் யமஹாவின் ஸ்மாஃப் வடிவம், அதாவது உங்கள் எம்எம்எஃப். எண் குறி, வியப்புக்குறி, அதையடுத்து ஏஎம்ஆர் என்றிருந்தால் ஏஎம்ஆர். ரிஃப் என்று தொடங்கி ஒன்பதாம் பைட்டிலிருந்து க்யூஎல்சிஎம் என்று வந்தால் குவால்காமின் க்யூசிபி. ஐ, ஆர், ஈ, இசட் என்று இருந்தால் அது பீட்னிக் நிறுவனத்தின் ஆர்எம்எஃப். அரிதாகத்தான் கிடைக்கும், கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். ஐமெலடி முழுக்க முழுக்க உரைக் கோப்பு, முதல் வரியிலேயே தன் பெயரைச் சொல்லிவிடும். லினக்ஸில் ‘ஃபைல்’ கட்டளை இவற்றில் பலவற்றைத் தானாகவே இனங்காணும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலக் கோப்புகளை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பின்னாளில் பார்க்க உதவும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை ஒவ்வொன்றுக்கும் எடுத்துத் தனி உரைக் கோப்பில் எழுதி, மூலங்களோடு இரண்டு இடங்களில் வையுங்கள். கட்டளைக் கோப்பு கையில் இருக்கும்வரை அதை இன்னும் நன்றாக வாசிக்கும் மென்பொருள் பின்னாளில் வரலாம். எம்பி3 மட்டும் எஞ்சினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அலைவரிசை எழுதியது:

ஒலியைச் சுருக்கி வைத்திருக்கும் இனத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் ஏஎம்ஆர், க்யூசிபி இரண்டையும் நேரடியாகப் படிக்கும். க்யூசிபி கோப்புக்குள் க்யூசெல்ப் அல்லது ஈவிஆர்சி முறையில் ஒலி இருந்தால் சிக்கல் இல்லை. எஸ்எம்வி என்ற மூன்றாம் முறையில் இருந்தால் கோப்பை அடையாளம் காணுமே தவிர ஒலியை விரிக்காது. சிடிஎம்ஏ கைபேசிகள் நம் ஊரில் பரவலாக இருந்த ஆண்டுகளின் குரல்பதிவுகள் பலவும் க்யூசிபியாகவே இருக்கும்.

ஏஎம்ஆர் வடிவம் பேச்சுக்காகவே உருவானது. வினாடிக்கு 8000 மாதிரிகள், 20 மில்லிவினாடிக்கு ஒரு சட்டகம், 4.75 முதல் 12.2 கிலோபிட் வரை எட்டு வேகங்கள். மிக உயர்ந்த 12.2 வேகத்தில்கூட ஒரு சட்டகம் 32 பைட்டுதான். அதாவது ஒரு நிமிடப் பேச்சு 96,000 பைட்டில் அடங்கிவிடும். இந்தச் சிக்கனம் மனிதக் குரல்வளையின் இயக்கத்தை மாதிரியாகக் கொண்டு கணக்கிடுவதால் வருகிறது. அதனால்தான் அதில் பேச்சு தெளிவாகவும், வீணையோ வயலினோ நீருக்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்கும். 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் இழந்தது இழந்ததுதான். அதை 320 கிலோபிட் எம்பி3 ஆக எழுதினாலும் கோப்பு பருக்குமே தவிரத் தரம் கூடாது.

இரைச்சல் நீக்கும் வடிகட்டிகளை இக்கோப்புகளின்மேல் ஓட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குறைந்த வேகத்தில் சுருங்கிய பேச்சில் மெய்யெழுத்துகளின் உராய்வொலியும் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். வடிகட்டி இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். வீட்டுப் பெரியவர்களின் குரல் அதில் இருந்தால், இரைச்சலோடு இருப்பதே மேல்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நான் இசை கற்பிப்பவள். நோக்கியாவின் இசையமைப்பு வசதியில் விசை விசையாக அழுத்தி நானே அமைத்த சில மெட்டுகளை ஆர்டிடிடிஎல் உரையாகச் சேமித்து வைத்திருக்கிறேன். அவற்றுள் தோடி ராகத்தில் அமைந்த சில வரிகளும் உண்டு. தோடியின் காந்தாரம் நின்று ஒலிக்கும் சுரமன்று. அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைய வேண்டும். அன்றைய கைபேசியில் அதற்கு வழியில்லாததால் பன்னிரண்டு அரைச்சுரப் படிகளில் ஒன்றில் அதை ஆணியடித்து நிறுத்தியிருந்தேன். மாயாமாளவகௌளையில் அமைத்த சரளி வரிசைகள் இந்தச் சிதைவைத் தாங்கிக்கொண்டன, தோடி தாங்கவில்லை.

இப்போது புதிய வடிவத்திற்கு மாற்றும்போது நாகஸ்வரத்தின் குரலைக் கொடுத்துக் கமகத்தையும் சேர்த்துவிட்டால் என்ன? வாசிப்பு புதியதுதான் என்று இருமஎண் அவர்களே சொல்லிவிட்டார். அப்படியானால் நல்ல வாசிப்பாக இருக்கட்டுமே.

இருமஎண் எழுதியது:

செய்யலாம், அம்மா, ஆனால் அது இரண்டாவது பிரதியாக இருக்க வேண்டும். முதல் பிரதி, கோப்பில் எழுதியிருப்பதை எழுதியிருக்கும்படியே, அன்றைய கைபேசியின் ஒற்றைக்குரலில் வாசிப்பதாக இருக்கட்டும். அதிலேயே கவனிக்க வேண்டியவை நிறைய உண்டு.

ஆர்டிடிடிஎல் வரி மூன்று பகுதிகள் கொண்டது: பெயர், பொது அமைப்பு, சுரங்கள். பொது அமைப்பில் எதுவும் சொல்லாவிட்டால் கால் சுரம், ஆறாம் ஸ்தாயி, நிமிடத்துக்கு 63 அடி என்று கொள்ள வேண்டும். 63 அடி என்றால் ஒரு கால் சுரத்தின் நீளம் ஏறத்தாழ 0.95 வினாடி, 120 அடி என்றால் 0.5 வினாடி. சுரத்தை ஒன்றரை மடங்காக்கும் புள்ளியை ஸ்தாயி எண்ணுக்குப் பின் இடுவதே முறை, ஆனால் புழக்கத்தில் இருக்கும் கோப்புகளில் அது எண்ணுக்கு முன்னும் வரும். ஜெர்மானிய வழக்கப்படி பி சுரத்தை எச் என்று எழுதிய கோப்புகளும் உண்டு. இவற்றை ஏற்காத மாற்றி அந்தச் சுரத்தையே விழுங்கிவிடும். தாளம் தடுமாறினால் முதலில் அங்கே தேடுங்கள்.

ஸ்தாயியும் தொல்லை தரும். ஆர்டிடிடிஎல்லில் நான்காம் ஸ்தாயியின் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். ஐமெலடியில் எண்ணிக்கை சுழியத்தில் 55 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குவதால், அதன் இயல்பான நான்காம் ஸ்தாயியில் அதே ஏ 880 ஹெர்ட்ஸ். ஒன்றை மற்றொன்றாக எழுதும் கருவிகள் இதைக் கவனிக்காவிட்டால் மெட்டு ஒரு ஸ்தாயி மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும். ஐமெலடியில் பாணி என்றொரு வரியும் உண்டு. சுழியம் என்றால் சுரத்துக்கும் அதையடுத்த இடைவெளிக்கும் 20-க்கு 1 என்ற விகிதம், ஒன்று என்றால் இடைவெளியே இல்லை, இரண்டு என்றால் வெட்டி வெட்டி வாசிப்பது. இதைப் பின்பற்றாமல் வாசித்தால் ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடங்கள் ஒட்டிப்போய் ஒற்றை நெடுஞ்சுரமாகக் கேட்கும்.

ஒலியை உருவாக்கும்போது சதுர அலையைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய ஒலிப்பானின் தன்மைக்கு அதுவே நெருக்கம். ஆனால் 44,100 மாதிரி வேகத்தில் நேரடியாகச் சதுர அலையை எழுதக்கூடாது. ஏழாம் ஸ்தாயியின் ஏ 3,520 ஹெர்ட்ஸ். சதுர அலையில் அதன் ஒற்றைப்படை மடங்குகள் எல்லாம் இருக்கும். ஒன்பதாம் மடங்கான 31,680 ஹெர்ட்ஸ், மாதிரி வேகத்தின் பாதியைத் தாண்டிவிடுவதால், 12,420 ஹெர்ட்ஸாக மடிந்து கீழே வரும். பதினொன்றாம் மடங்கு 5,380 ஹெர்ட்ஸாக வரும். இவை மெட்டோடு எந்த உறவும் இல்லாத அபசுரங்கள். எட்டு மடங்கு உயர்ந்த மாதிரி வேகத்தில் அலையை எழுதி, பிறகு வடிகட்டியோடு சாக்ஸ் போன்ற மென்பொருளில் வேகத்தைக் குறைத்தால் இந்தக் கலப்படம் காதுக்கு எட்டாத அளவுக்குத் தேய்ந்துவிடும்.

உங்கள் நாகஸ்வரப் பிரதிக்கு, மெட்டை மிடியாக மாற்றிக்கொண்டு சுருதி வளைப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நடுப்புள்ளி 8192, மொத்தம் 16,384 படிகள், வழக்கமான எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். தோடியின் காந்தாரம் அசைய அது போதும். பொது மிடியின் 128 குரல்களில் நாகஸ்வரம் இல்லை. 112-ஆவதாக ஷெனாய் உண்டு, ஆனால் அது உங்களுக்கு நிறைவு தராது. நாகஸ்வர மாதிரிகள் கொண்ட சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்புக் கோப்பு) தேட வேண்டியிருக்கும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

விளக்கத்திற்கு நன்றி. இரண்டு பிரதிகள் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆணியடித்த காந்தாரம் கொண்ட பிரதியை ‘மூலம்’ என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. என் மனத்தில் இருந்த மெட்டு அதுவன்று. கருவி அனுமதித்தது அவ்வளவுதான். கோப்பின் பெயரில் ‘கைபேசி வாசிப்பு’ என்று குறித்து வைக்கிறேன். என் மாணவர்கள் அதைக் கேட்டுத் தோடி என்று பாடம் செய்துவிடக்கூடாது.

பணிமனை எழுதியது:

கைபேசி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் எம்எம்எஃப் பற்றிச் சொல்கிறேன். பழையஒலி அவர்களுக்கு மிகுந்த வேலை தரப்போவது அதுதான்.

ஸ்மாஃப் என்பது யமஹா தன் கைபேசி ஒலிச்சில்லுகளுக்காக வகுத்த வடிவம். சாம்சங், எல்ஜி கைபேசிகள் பலவற்றில் இச்சில்லுகள் இருந்தன. எம்ஏ-2 சில்லில் 16 எஃப்எம் குரல்கள்; வேறு முறைக் குரல்களையும் சேர்த்து எம்ஏ-3 சில்லில் 40, எம்ஏ-5 சில்லில் 64. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்துப் புதிய நாதத்தைப் பெறுவது எஃப்எம் முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்து, யமஹா உரிமம் பெற்று, 1983-இல் டிஎக்ஸ்7 விசைப்பலகை வழியாக உலகெங்கும் பரப்பிய அதே முறை. கைபேசிச் சில்லு அதன் சிறிய வாரிசு.

கோப்புக்குள் பல துண்டங்கள் இருக்கும். தலைப்பு, இயற்றியவர் போன்ற விவரங்கள் ஒரு துண்டத்தில். சுரக்கட்டளைகள் எம்டிஆர் என்று தொடங்கும் துண்டத்தில். பதிந்த ஒலி ஏடிஆர் என்று தொடங்கும் துண்டத்தில். எஃப்எஃப்எம்பெக் ஏடிஆர் துண்டத்தை மட்டுமே படிக்கும். எம்டிஆரைக் கண்டதும் மிடி போன்ற வடிவம், ஆதரவில்லை என்று சொல்லி நின்றுவிடும். இணைய மாற்றிகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது எஃப்எஃப்எம்பெக்தான்; உங்கள் கோப்புகள் அங்கே தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்க வேண்டும்.

எம்எம்எஃப்பை மிடியாக மாற்றித் தருவதாகச் சொல்லும் கருவிகளைப் பயன்படுத்தினால் சுரங்கள் கிடைக்கலாம், நாதம் கிடைக்காது. அழைப்பொலியை அமைத்தவர் தனக்கென வடிவமைத்த எஃப்எம் குரல்களின் அளவீடுகள் கோப்புக்குள்ளேயே இருக்கும். மிடிக்குப் போகும்போது அவை உதிர்ந்து, பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு பொதுக்கருவியின் குரல் அந்த இடத்தில் வந்து உட்காரும். விண்டோஸுக்கென யமஹாவே வெளியிட்ட மிட்ரேடியோ பிளேயர் ஸ்மாஃப் கோப்புகளை வாசிக்கும். அதன் பழைய நிறுவல் கோப்பு கையில் இருந்தால் அதில் ஓடவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், கணினி ஒலிப்பதை நேரடியாகப் பிடிக்கும் வாசாபி லூப்பேக் முறையில் பதியுங்கள். ஒலி கணினிக்குள்ளேயே பயணிப்பதால் அறையின் சத்தம் சேராது.

அந்தக் கைபேசி இன்னும் உயிரோடு இருந்தால் அதுவே சிறந்த வழி. காதணி இணைப்பிலிருந்து கம்பி எடுத்துக் கணினியின் லைன்-இன் துளையில் கொடுங்கள். மைக் துளையில் கொடுத்தால் ஒலி பிளந்துவிடும். கைபேசியின் ஒலியளவை உச்சத்துக்கு ஒரு படி கீழே வையுங்கள். மின்னேற்றியைச் செருகியபடி பதிந்தால் ரீங்காரம் விழும், கழற்றிவிட்டுப் பதியுங்கள். ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: பல ஆண்டு கிடந்த மின்கலத்தை அப்படியே மின்னேற்றாதீர்கள். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். பிஎல்-5சி போன்ற அளவுகளில் புதிய மின்கலம் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

கடலோரம் எழுதியது:

இவ்வளவு உழைப்பு தேவையா என்று கேட்க விரும்புகிறேன். ஆண்ட்ராய்டு ஆதரிக்கும் ஒலி வடிவங்களின் பட்டியலிலேயே மிடி, மொபைல் எக்ஸ்எம்எஃப், ஆர்டிடிடிஎல், ஓடிஏ, ஐமெலடி எல்லாம் இருக்கின்றன. சோனிவாக்ஸ் என்ற ஒலியாக்கி அதற்குள் உள்ளது. கோப்பை ரிங்டோன்ஸ் உறையில் போட்டு, அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் ஒலிக்க வேண்டும்.

அலைவரிசை எழுதியது:

கடலோரம் அவர்கள் சொல்வது சரியானது, பயனுள்ளதும்கூட. சோனிவாக்ஸ் ஒலியாக்கி கைபேசிக்கென்றே சிறிய அளவில் உருவானதால், கணினியில் 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட சவுண்ட்ஃபான்ட் வைத்து ஃபுளூயிட்சிந்த் என்ற மென்பொருள் வாசிப்பதைவிட அதன் வாசிப்பு அன்றைய கைபேசிக்கு நெருக்கமாகவே இருக்கும். மிடி கோப்புகளுக்கு அதை முதலில் முயன்று பார்ப்பது நல்லது. ஆனால் எம்எம்எஃப்பும் க்யூசிபியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐபோன் வைத்திருக்கும் உறவினருக்கு அனுப்பவும் இது உதவாது.

மிடி பற்றி இன்னொரு குறிப்பு. கைபேசிக்கென எழுதிய எஸ்பி-மிடி கோப்புகளில், எத்தனை குரல் திறன் கொண்ட கருவி எந்தெந்தத் தடங்களை வாசிக்க வேண்டும் என்ற முன்னுரிமைப் பட்டியல் இருக்கும். நான்கு குரல் கைபேசி முக்கியமான தடங்களை மட்டும் வாசித்து மற்றதை விட்டுவிடும். கணினியில் உள்ள ஒலியாக்கி பட்டியலைப் பொருட்படுத்தாமல் எல்லாத் தடங்களையும் வாசிப்பதால், அன்று கேட்டேயிராத பின்னணி வாத்தியங்கள் இன்று கேட்கும். அன்றைய ஒலிதான் வேண்டும் என்றால் கூடுதல் தடங்களை ஊமையாக்கிவிட்டுப் பதியுங்கள்.

பழையஒலி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தலைப்பு பைட்டுகளைப் பார்த்துப் பிரித்ததில், பின்னொட்டு இல்லாத கோப்புகளில் பெரும்பாலானவை மிடி என்று தெரிந்தது. எம்எம்எஃப் பின்னொட்டு கொண்ட ஒன்று உண்மையில் ஏஎம்ஆர். அதில் இருந்தது என் அத்தையின் குரல். ‘ஃபோன எடுடா’ என்று அவர் அதட்டுவதைத்தான் அண்ணன் அழைப்பொலியாக வைத்திருந்தான் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பணிமனை ஐயா சொன்னபடி வீட்டிலிருந்த பழைய சாம்சங் கைபேசிக்குப் புதிய மின்கலம் தேடுகிறேன்.

இறுதியாக எந்த வடிவத்தில் எழுதி வைப்பது? எம்பி3 போதுமா?

அலைவரிசை எழுதியது:

சேமிப்புக்கு ஃபிளாக். அதில் இழப்பு இல்லை. இந்த நீளமுள்ள கோப்புகளுக்கு இடமும் ஒரு பொருட்டில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கான பிரதிகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டுக்கு ஆக் வார்பிஸ் வடிவத்தையே பரிந்துரைக்கிறேன். எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் குறியாக்கி சிறிது மௌனத்தைச் சேர்ப்பதால், அழைப்பொலி மீண்டும் மீண்டும் ஒலிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடறல் கேட்கும். ஆக் கோப்பின் குறிப்புப் பகுதியில் ஆண்ட்ராய்டு, அடிக்கோடு, லூப் என்ற பெயரைப் பேரெழுத்துகளில் எழுதி அதன் மதிப்பை ‘ட்ரூ’ என்று வைத்தால், ஆண்ட்ராய்டு இடைவெளியின்றிச் சுழற்றும். ஐமெலடியில் முடிவில்லாமல் திருப்பி வாசி என்ற கட்டளை கொண்ட மெட்டுகளுக்கு இது மிகப் பொருத்தம்: ஒரே ஒரு சுற்றை மட்டும் பதிந்தால் போதும்.

ஐபோனுக்கு ஏஏசி ஒலியை எம்4ஏ கோப்பாக எழுதிப் பின்னொட்டை எம்4ஆர் என்று மாற்றுங்கள். 30 வினாடிக்குள் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. ஏஎம்ஆர், க்யூசிபியிலிருந்து வரும் 8000 மாதிரி ஒலியை 48,000-க்கு உயர்த்தி எழுதுங்கள். தரம் கூடாது, ஆனால் எந்தக் கைபேசியும் திறக்க மறுக்காது. சதுர அலையில் வாசித்தவற்றை 6 டெசிபெல் குறைத்து எழுதுங்கள். இன்றைய ஒலிபெருக்கிகளில் அவை காதைக் கிழிக்கும்.

திரைப்பாடல் மெட்டுகளின் பதிவுகளை உங்கள் பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றின் காப்புரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பணிமனை எழுதியது:

அந்தச் சாம்சங்கின் மாதிரி எண்ணை மின்கலத்தின் அடியில் ஒட்டியுள்ள தாளில் பார்த்து இங்கே எழுதுங்கள். அக்காலத்து சாம்சங் கைபேசிகள் பலவற்றில் காதணி இணைப்பு வழக்கமான வட்டத் துளையாக இருக்காது. எந்த முனையில் ஒலி வருகிறது என்று படம் வரைந்து தருகிறேன். கம்பியை வெட்டும் முன் அதைப் பாருங்கள்.